ஒரே அலமாரியில் ஐந்து பிரதிகள்

டீசல் வாடைதான் முதலில் மூக்கில் ஏறியது. அவிநாசி நூல் வியாபாரியின் ஆபீஸ் கதவைத் திறந்தால், ஐந்து வியாபாரிகளுக்கு ஆளுக்கொன்றாக நாம் கொடுத்த ஐந்து கணினிகளும் ஒரே அலமாரியில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருக்கின்றன. நீ போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, மாப்ளே!

நூலையும் பணத்தையும் கணினியிலேயே கைமாறும் டோக்கன்களாக்கினோம். இரண்டும் ஒரே நொடியில் கைமாற வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நகரக்கூடாது. அதற்காக எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டோம்! எந்த நூல் யாருடையது என்ற பதிவு ஐந்து ஊரில் இருக்கும். ஒன்றில் எவனாவது கைவைத்தால் மற்ற நான்கும் காட்டிக்கொடுக்கும் என்றாய். அவசரத்தில் எல்லாவற்றையும் நிறுத்த இரண்டு சாவிகள் வைத்தாய். உன் வீட்டில் ஒன்று, என் வீட்டில் ஒன்று; இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். திங்கட்கிழமை நிஜப் பணம் ஓடப்போகிறது. இங்கே ஒரு தீப்பொறி விழுந்தால் ஐந்து குடும்பத்தின் முதலும் போச்சு.

"ஏனுங்க, நம்மகிட்ட ஜெனரேட்டர் இருக்குதுங்க. பத்தரமா இருக்கட்டும்னு எல்லாத்தையும் இங்கியே கொண்டாரச் சொல்லிப்போட்டனுங்க" என்றார் அவர், பெருமையாக. மற்றவர்களைப் போனில் பிடித்தேன். நால்வரும் ஒரே பாட்டு.

"அவரே எடங்குடுக்கறப்ப வேண்டாமுன்னா, அவர நம்பலைன்னு ஆயிருமுங்களே?"

தலையில் அடித்துக்கொண்டேன். "நம்மாளுக ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்பட வெக்கப்படுவாங்க. அந்த வேலைய மிஷின்கிட்ட உட்டுரோணும்" என்று டீக்கடையில் நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது. போனை வைத்துவிட்டு அவரிடம் குரலைத் தணித்து, "மிஷினுக எல்லாம் ஒரே ரூமுல இருந்தா ஆகாதுங்க" என்றேன்.

"அட, இத மொதல்லயே சொல்றதில்லீங்களா!" என்றார். மாலைக்குள் நான்கு கணினிகள் அவரவர் ஊருக்குக் கிளம்பிவிட்டன.

ஜெயித்த மிதப்பில் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். என் சாவியும் உன் சாவியும் ஒரே டப்பாவில் கிடந்தன. உன்னுடையது, உன் காரியம் முடிந்த அன்று தங்கச்சி என் கையில் கொடுத்தது. உன் பொருள் ஒன்று என்னிடம் இருக்கட்டும் என்று வாங்கி வைத்தவன் நான்தான். ஊரையெல்லாம் திட்டிவிட்டு வந்தவன்!

இன்று காலை அதை எடுத்துக்கொண்டு உக்கடம் பஸ் ஏறினேன். உன் வீட்டு வாசலில் நீட்டியபோது தங்கச்சி வாங்கவில்லை.

"உங்ககிட்டயே இருக்கட்டுங்கண்ணா. உங்கள நம்பாம வேற யார நம்பறதுங்க?"

தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். உன் சாவி இப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு, மாப்ளே.