கொக்கின் வேகம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். முழங்கால் வலியைத் தவிர இங்கே நான் நலம். உன் கண்களைப் பற்றி உன் மகள் எழுதியிருந்தாள். புரை முற்றிவிட்டது, சின்ன அறுவைதான் என்று மருத்துவர் சொல்லியும் நீ இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டாயாம். "படிக்கிறதையே விட்டாச்சு, இனிமே கண்ணு தெளிஞ்சு என்னத்தப் பார்க்கப் போறேன்?" என்றாயாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் புத்தி சொல்ல வரவில்லை. என்னிடம் ஒரு செய்தி இருக்கிறது. சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது, எழுந்து குதிக்க வேண்டும் போலவும் இருக்கிறது.

நான் மாயக்கதை படிக்கிறேன்.

சிரித்து முடித்தாயா? வரலாறும் பயண நூலும் தவிர வேறெதையும் தொடாதவன் நான். மிஞ்சிப்போனால் துப்பறியும் கதைவரை இறங்கி வருவேன், அதில் சாட்சியாவது இருக்கிறதே என்று. நீ பறக்கும் குதிரைக் கதைகளைத் தலையணைக்கடியில் ஒளித்துப் படித்தபோது, "வயசுக்கேத்த புத்தகமா இது?" என்று கேட்டவனும் நான்தான்.

இங்கே நூலகத்தில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. இந்த மாதம் எல்லோருக்கும் ஒரே நாவல். நிழல்களைப் படகில் ஏற்றி அக்கரை சேர்க்கும் ஒருத்தியின் கதை. முதல் ஐம்பது பக்கம் முணுமுணுத்துக்கொண்டே படித்தேன். முணுமுணுப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

முப்பத்தாறு வருடம் நிலம் அளந்த கை சும்மா இருக்குமா? கட்டத்தாளில் அந்த நாட்டை வரைந்தேன். உப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே கருமலைக்குப் படை நான்கு நாளில் போகிறது. நாளொன்றுக்கு இருபது மைல் நடை என்று வைத்தால், மலை நடுக்கடலில் விழுந்தது! ஆசிரியர் சறுக்கிவிட்டார் என்று மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போய், எழுந்து நின்று வாசித்தேன். கூட்டத்தில் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

பக்கத்திலிருந்த தையல்காரர் மெதுவாகச் சொன்னார்: "சார், அவங்க எங்க நடந்தாங்க? கொக்கு மேல ஏறியில்ல போனாங்க! இருபது பக்கத்துக்குப் பறக்குதே!" நூலகர் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சார் கொக்குக்கும் செருப்பு மாட்டி விட்டுட்டாரு" என்றார்.

அந்தப் பக்கங்களை நான் விட்டுவிடவில்லை அக்கா. படித்தேன், கதைதானே என்று கணக்கில் கழித்துவிட்டேன். வேலைப் பழக்கம். நிலத்துக்காரர் கையை நீட்டி எல்லை அதுவரை என்பார். கேட்டுக்கொள்வோம், அளவுச் சங்கிலி காட்டுவதை மட்டும் எழுதுவோம். நீ வாய் ஓயாமல் சொன்ன கதைகளையும் அப்படிக் கழித்துத்தான் கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கொக்கின் வேகத்தை வைத்து மறுபடி வரைந்தேன். மலை, துறைமுகம், பாலம் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன! தனியாக இருப்பதை மறந்து கைதட்டிவிட்டேன். யாரிடம் சொல்லலாம் என்று நினைத்தபோது உன் முகம்தான் வந்தது.

படகுக்காரி கடைசியில் தன் நிழலையே ஏற்றிக்கொண்டு கிளம்புகிறாள். முதல் பாகம் அங்கே நின்றுவிடுகிறது. கரை சேர்ந்தாளா? எனக்கும் தெரியாது. இரண்டாம் பாகத்தில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை முதல் பாகத்தோடு சேர்த்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதை உன் மகளைப் படித்துக்காட்டச் சொல்லாதே, அவளுக்கு ஏற்ற இறக்கம் வராது. (இதைப் படித்துக்காட்டும் மருமகளே, மாமாவைக் கோபிக்காதே.) என் பிரதியை நான் இன்னும் பிரிக்கவில்லை. மேசைமேல்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு முறை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சின்னவன் உனக்கு ஆசி சொல்ல முடியாது, கேட்கத்தான் முடியும். மருத்துவர் தரும் அடுத்த தேதிக்குச் சரி என்று சொல். கட்டுப் பிரித்ததும் ஒரு வரி உன் கையால் எழுது. அது வந்த அன்று முதல் பக்கத்தைத் திறக்கிறேன். எனக்கும் எழுபத்து மூன்றாகிறது அக்கா, ரொம்பக் காக்க வைக்காதே.

உன் தம்பி