நான்காவது பாட்டு

இன்று காலை ஆம்ப்ளிஃபயரின் உறையைக் கழற்றியபோது அந்தப் பழைய மழைக்கோட்டு வாசனை வந்தது. உடனே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன்! நீ போய்ச் சேர்ந்த பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். நாலு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். உனக்குச் சொல்ல நல்ல சேதி இருக்கிறது.

இந்தப் பாட்டு செட்டு வாங்கிய வாரமே நீ பயந்தாய். "ஏரி உப்புக் காத்து இரும்பையே தின்னுது, இத்த வுடுமாய்யா?" என்று என் மழைக்கோட்டை வெட்டி, வலை நூலால் உறை தைத்தாய். பொத்தான்களைத் திருக முன்னால் மட்டும் ஒரு திறப்பு. மற்றபடி படகு இன்ஜினைப் போர்த்துவதுபோல் இறுக்கிப் போர்த்திவிட்டாய்.

சில நாளில் தொல்லை தொடங்கியது. மூன்று பாட்டு பாடும், நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்தால் மறுபடி பாடும். பொன்னேரி ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போவேன். கடைக்காரர் உறையை உருவிவிட்டுப் போடுவார். அங்கே நிற்காமல் பாடும். "ஒண்ணும் இல்லியே பெரியவரே" என்பார். திரும்பி வந்தால் நீ வாசலிலேயே பிடித்துக்கொள்வாய்: "வெளிய நல்ல புள்ள, ஊட்லதான் வீம்பு. அப்டியே உன்ன மாதிரி." பிறகு நமக்குப் பழகிவிட்டது. பாட்டு நின்றதும் நீ எழுந்து டீ வைப்பாய்.

"என் பொண்ணுக்கு வளை அடுக்கும்போது நம்ம செட்டுதான் பாடணும்" என்று சொல்லியிருந்தாய். செல்விக்கு இது ஏழாம் மாதம். அவளோ, "நைனா, அத்தப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடு. பாதில நின்னா எங்க மாமியா மூஞ்சி இன்னாவும்?" என்றாள்.

"பாட வெக்கிறேன், பாரு" என்றேன்.

ஒயர் முனைகளில் பச்சை பூத்திருந்தது. கத்தியால் சுரண்டினேன். மூன்றாவது பாட்டோடு நின்றது. இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றிச் செருகினேன். பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் இழுத்தேன். அதே கதை. கடைசியில் உறையைக் கழற்றி வைத்துவிட்டு, பாடவிட்டபடியே பின்பக்கம் துழாவிக்கொண்டிருந்தேன். நான்காவது பாட்டு வந்தது! ஐந்தாவதும் வந்தது. வேறெதையும் தொடாமல் உறையை மட்டும் மாட்டினேன். மூன்றில் நின்றது. உள்ளே கைவிட்டால் மேல் தகடு தோசைக்கல்லாய்ச் சுட்டது. சூடு போக வழியில்லாமல் தானே அணைந்திருக்கிறது, இத்தனை வருஷமும்.

நான் சிரித்த சிரிப்பில் செல்வி ஓடி வந்தாள். "இன்னா நைனா?"

"உங்கம்மா அதுக்கு மழக்கோட்டு மாட்டி வேர்க்க வுட்டுருக்காடீ!"

"நீ மட்டும் இன்னாவாம்? அம்மா தெச்சதுன்னு ஊட்ல யாரையும் தொடவே வுடல!"

நேற்று வளைகாப்பு. மூன்றாவது பாட்டு முடிந்ததும் நம் தெருப் பெண்கள் எல்லோரும் பழக்கத்தில் செட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். நான்காவது பாட்டு வந்தது. செல்வியின் கையில் வளையல் ஏறிக்கொண்டே இருந்தது.

"நல்லா பாடுதே, வாடகைக்கா?" என்று சம்பந்தியம்மா கேட்டார்.

"இல்ல அத்த, எங்கம்மாவுது" என்றாள் உன் பெண்.

உறையை நான் எறியவில்லை. பாடி முடித்துச் சூடு ஆறியதும் மாட்டிவிடுகிறேன். ஏரிக் காற்றைப் பற்றி நீ சொன்னது நிஜம்தானே. ஒன்று மட்டும் என்னை விடவில்லை. மூன்றாவது பாட்டு முடிந்ததும் கால் தானாக அடுப்படிக்குப் போகிறது. இப்போது நான்தான் டீ வைக்கிறேன். நான்காவது பாட்டு அடுப்படி வரைக்கும் கேட்கிறது.