இரவல் டயரும் எனாமல் பெயிண்டும்

என் ஆசை சின்னராசு மாமாவுக்கு,

இன்னா மாமா, போன இடத்தில் எல்லாம் விதிப்படி இருக்கா? சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை உண்டா? பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா? இல்லாவிட்டால் இந்நேரம் எமனையே எதிரில் உட்காரவைத்து, சொர்க்கத்துக்கு அங்கீகாரத்தை நிறுத்தி வைத்திருப்பாய்.

நீ இருந்தவரைக்கும் உன் வேலை என்னவென்று நம் புதூர்நாட்டு மலையில் யாருக்கும் பிடிபடவில்லை. மத்திய அரசு போட்ட விதிகளின்படி கல்லூரிகள் நடக்க வழி சொல்வது, டெல்லியிலிருந்து குழு பார்வையிட வருவதற்குள் குறைகளைச் சரிசெய்ய வைப்பது என்று நீ விளக்குவாய். அம்மா அதைச் சுருக்கி, "என் தம்பி காலேஜுக்கு எஃப்.சி. வாங்கித் தர்றான்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டாள். ஜீப் ரோட்டில் ஓடத் தகுதியானது என்று தரும் எஃப்.சி.தான் எல்லோருக்கும் தெரியுமே.

அதை வாங்கும் விதமும் தெரியும். ஜீப்காரர்களுக்குப் பொதுவாக ஒரு செட் நல்ல டயர். யார் வண்டி எஃப்.சி.க்குப் போகிறதோ அதில் மாட்டுவார்கள். திருப்பத்தூர் போய்ச் சான்று வாங்கி வந்ததும், கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுத் தன் மொட்டை டயரை மாட்டிக்கொள்வார்கள். ஒரே டயர் எல்லா வண்டியையும் பாஸாக்கும். நாங்கள் பரீட்சையில் அப்படிச் செய்தால் மட்டும் அதற்குப் பெயர் காப்பி.

கல்லூரிகளும் இதே ஜாதி வண்டிதான் என்று சிரித்தவன் நீதான். குழு வரும் நாளில் சக்கர நாற்காலி பக்கத்துக் கல்லூரியிலிருந்து வரும், புத்தகம் வரும், பேராசிரியரே வேனில் வந்து இறங்குவார். நீ ஒத்துக்கொள்ளமாட்டாய். "செமெண்ட்டு போட்டுக் கட்டுங்க சார். திருப்பித் தூக்கிக்கினு போற மாதிரி இருந்தா அது வசதி இல்ல, வாடகை."

ஒரு லீவில் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து ஒரு கல்லூரியின் புதுச் சரிவில் தள்ளினாயே, ஞாபகம் இருக்கா? உருண்டு மேலே போனால் அங்கே ஒரு படிக்கட்டு. "இங்கேர்ந்து பறக்கணுமா சார்?" என்று பிரின்சிபாலைக் கேட்டேன். நீ இருமுவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

நீ கடைசியாக வேலை பார்த்த கல்லூரியில்தான் இப்போது நான் பி.காம். முதல் வருஷம். மலைப் பெண்பிள்ளைகளுக்கு விடுதி இருக்கிறது என்று அவர்கள் காகிதத்தில் மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். நீ மல்லுக்கட்டி அந்தக் கட்டடத்தைத் திறக்கவைத்தாய். "ஆளு குடி வந்துட்டா அப்பறம் பூட்ட முடியாது பாரு" என்று எங்களை முதல் நாளே கொண்டுபோய் உள்ளே விட்டாய். கட்டில் பிறகு வரும் என்றார்கள், பாய் விரித்தோம். வாசலில் பெயர்ப்பலகை எழுத வெள்ளை எனாமல் டப்பா ஒன்றை என்னிடம் கொடுத்தாய். "ஞாயித்துக்கெழம வந்து எழுதறேன், மூடி தொறக்காத."

அந்தச் சனிக்கிழமை மழையில், ஊருக்குப் போகக் கோவிந்தன் அண்ணன் ஜீப்பில் ஏறினாய்.

வளைவில் பிரேக் பிடித்தும் ஜீப் நிற்கவில்லை. அண்ணனுக்குக் கால் ஒடிந்தது. நீ போய்விட்டாய். அப்போதுதான் எஃப்.சி. வாங்கியிருந்த வண்டி, நல்ல டயர் அதற்குள் வேறு ஜீப்புக்குக் கைமாறியிருந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்ததால், மழைதான் காரணம் என்று எழுதிக்கொண்டார்கள். மழையை யார் பிடித்து உள்ளே வைப்பது? கேஸ் முடிந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எந்தக் கல்லூரிக்குள் நுழைந்தாலும் எது இரவல் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாயே, அந்த டயர் உன் கண்ணில் படவில்லையா? பட்டும் ஏறினாயா? அதைவிட்டால் வேறு வண்டி இல்லை என்றா?

உன் நாற்காலியில் வேறொருவரை உட்காரவைத்தார்கள். உன்னைப் பற்றி ஆபீஸில் நான் கேட்ட ஒரே வார்த்தை, "அவரு ரொம்ப கெடுபிடி பண்ணுவாரு" என்பதுதான். புது சார் கெடுபிடியே இல்லாதவர். குழு வருவதற்கு முந்தைய நாள், கல்யாண மண்டபங்களுக்கு வாடகைக்கு விடும் கட்டில்கள் ஒரு டெம்போ நிறைய வந்து இறங்கின. தண்ணீர் வடிகட்டும் மெஷின் வந்தது. வார்டன் என்று ஒரு மேடமே வந்தார். எல்லாம் நாளை மறுநாள் திரும்பிவிடும், கூடவே நாங்களும் ஊருக்குப் போய்விடலாம், விடுதியைப் பூட்டிவிடுவார்கள் என்று சமையல் அக்கா காதில் போட்டாள்.

அன்று மத்தியானம்தான் மாமா, நான் மூடியைத் திறந்தேன்.

ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் அவரவர் பெயரும் ஊரும் எழுதினோம். கொட்டை எழுத்து. என் கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்பாயே, அந்தக் கோழி அன்று நன்றாகவே கிறுக்கியது.

குழுவில் வந்த ஓர் அம்மாளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சொந்தக் கட்டிலா என்று கேட்டார். புது சார் வேர்த்து வழிய, "ஆமாங்க மேடம், சொந்தம்தாங்க" என்றார். எத்தனையோ பொய்களுக்கு நடுவில் அதுவும் ஒன்று. அது மட்டும் மறுநாள் நிஜமானது.

கட்டிலை ஏற்றிப்போகக் கடைக்காரர் டெம்போவோடு வந்தார். பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது? மாப்ள பொண்ணு படுக்கற கட்டில்ல 'மல்லிகா, புதூர்நாடு'ன்னு எழுதிக்கீது. பொண்ணு பேரு வேறயா இருந்தா அங்கியே கல்யாணம் நின்னுடும்."

"தொடச்சிக்கலாங்க."

"எனாமலுங்க சார். எனக்கு வாணாம், நீங்களே வெச்சிக்கங்க. வெலய குடுத்துடுங்க."

புது சார் எங்கள் பக்கம் திரும்பினார். "யாரு பண்ண வேல இது?"

"கட்டில்லயே பேரு இருக்குதே சார்" என்றேன்.

கட்டில் நின்றது மாமா. விடுதிக்குப் பூட்டும் விழவில்லை. பெயர் போட்ட கட்டிலைக் குழுவே பார்த்துவிட்டுப் போனபின் எங்களைத் துரத்தத் தயங்குகிறார்கள். ஆனால் ரொம்பச் சந்தோஷப்படாதே. மெஷின் போய்விட்டது, பழைய தொட்டித் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். வார்டன் மேடமும் போய்விட்டார், அவர் மேல் எங்கே எழுதுவது? அங்கீகாரம் கிடைத்துவிட்டதென்று கேட்டில் பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். அதில் தாளாளர் சிரிக்கிறார், புது சார் சால்வையோடு சிரிக்கிறார். நீ இல்லை. உன்னைத் தேடி அதை ஓரம்வரைக்கும் பார்த்தேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல நேற்று ஊருக்குப் புறப்பட்டேன். ஸ்டாண்டில் அதே ஜீப். ரிப்பேர் பார்த்து, மறுபடி எஃப்.சி. வாங்கி வந்து நிற்கிறது. அதே நல்ல டயர்கள், நாளைக்குக் கழற்றவேண்டியவை. பையில் கொண்டுவந்திருந்த எனாமல் டப்பாவைத் திறந்து சக்கரத்தின் பக்கத்தில் குந்தினேன். கோவிந்தன் அண்ணன் காலை இழுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னாடி பண்ற?"

"பேரு எழுதறேண்ணா."

"அது எரவலு டயரு."

"தெரியும். அதான் எழுதறேன்."

முதல் டயரில் 'சின்னராசு' என்று எழுதி முடித்தேன். அவர் ஸ்டெப்னியில் சாய்ந்து நின்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை மாமா. நாலாவது டயரையும் எழுதிவிட்டுத்தான் எழுந்தேன்.

"நாளைக்கு இத கழட்டி யாருக்குக் குடுத்தாலும் நாங்க அந்த வண்டிலதான் ஏறுவோம். பேரு இல்லாத வண்டில எங்க ஊரு பொண்ணுங்க ஏறமாட்டாங்க, எங்கம்மாங்க கொண்டார புளி மூட்டயும் ஏறாது. புதுசா டயரு வாங்குங்க, நானே வந்து எழுதித் தர்றேன்."

அவர் தலையாட்டினாரா, அழுதாரா, தெரியவில்லை.

டப்பாவில் இன்னும் பெயிண்ட் இருக்கிறது மாமா. மலையில் ஓடும் ஒவ்வொரு ஜீப்பும் தன் சொந்த டயரில் உன் பெயரோடு ஓடும்வரைக்கும் அது காயாமல் பார்த்துக்கொள்வேன். அதுவரை பெயர் இல்லாத வண்டி வந்தால் நடந்தே ஊர் போய்ச் சேருவேன். இது என் வாக்கு. விடுதிப் பலகையை மட்டும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வந்து எழுதுவதாகச் சொன்ன இடம் அது, வெறுமையாகவே இருக்கட்டும்.

உன் அக்கா பொண்ணு,
தேன்மொழி