சிவப்புப் பொட்டு வைத்த லென்ஸ்

ஜூன் 3
பழைய கேமரா கடையில் ஒரு லென்ஸ் வாங்கினேன். புதுக் கேமராவோடு சும்மா கொடுப்பார்களே, அந்தச் சின்ன ஜூம். வளையம் கொஞ்சம் இறுகல். போதும். தங்கை கொடுத்த கேமரா எத்தனை நாள்தான் வாய் பிளந்து கிடக்கும்? நான் வேலை பார்த்த ஸ்டுடியோவுக்கு எதிரிலேயே, சொந்தமாகப் படம் எடுக்க ஓர் அறை பார்த்துவிட்டேன். வாடிக்கையாளர்கள் முன்னால் "லென்ஸ் திருடி" என்று சொல்லித் துரத்தினாரே முதலாளி, தினமும் என் கடைப் பலகையைப் பார்த்து அவர் வயிறு எரியட்டும்.

ஜூன் 4
துடைக்கும்போது பார்த்தேன். முன் விளிம்பில் சிவப்புப் பொட்டு. நகப்பூச்சு.

நான் வைத்தது. போன வருஷம் படியில் தவறவிட்டேன், விளிம்பு பெயர்ந்தது. "அவருக்குத் தெரிஞ்சா கத்துவாரு, இத தடவு" என்று தன் புட்டியைக் கொடுத்தவள் முதலாளியின் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நான் திருடியதாக முதலாளி சொன்ன லென்ஸ் இதுதான். காசு கொடுத்து நானே வாங்கியிருக்கிறேன்.

ஜூன் 5
என்னைத் துரத்த முதலாளியே விற்றிருப்பார் என்று எண்ணிக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

"அவரு சம்சாரம்தாம்மா வித்தாங்க. மூடிய மறந்துட்டு, மறுநாள் வந்து குடுத்துட்டுப் போனாங்க."

அக்காவா? அன்றைக்கு நான் அழுதபோது பக்கத்திலேயே தலை குனிந்து நின்றாளே — ஒரு வார்த்தை சொன்னியாடி? ஒரே ஒரு வார்த்தை?

ஜூன் 6
விடமாட்டேன்.

ஜூன் 9
கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். முதலாளி மேஜையில் இருந்தார், பக்கத்தில் அக்கா படம் வெட்டிக்கொண்டிருந்தாள். பொட்டைப் பார்த்ததும் கத்தரி நின்றது.

"இதுல இருக்கிற நம்பரப் பாருங்க சார், உங்க லென்ஸ்தான். கடைல வாங்கினேன். யாரு வித்தாங்கன்னு அக்காவையே கேளுங்க."

ஏன் விற்றாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மன்னிக்க வேண்டி வரும். படி இறங்கும்போது மனசு குளிர்ந்திருந்தது.

ஜூன் 15
முதலாளி வந்து மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருக்கிறேன். ஆளைக் காணோம்.

ஜூலை 1
பலகை மாட்டினேன். முதலில் வந்தது அக்கா. தோளில் ஒரு துணிப்பை.

"பாஸ்போர்ட் சைஸ் வேணும். ஒரு வேலைக்கு எழுதிப் போடணும்."

"எதிர்லயே உங்க ஸ்டுடியோ இருக்கே."

"அந்தப் படி இனிமே ஏறமாட்டேன்."

உட்கார வைத்தேன். "நேரா லென்ஸப் பாருங்க" என்றேன். வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டேன். பொட்டைப் பார்த்தபடியே இருந்தாள், கண்ணை எடுக்கவில்லை.

முதல் படம் ஆடிவிட்டது. என் கைதான். இன்னொன்று எடுத்தேன்.