ஆளுக்கொரு டம்ளர்

1939 மார்ச் 6, திங்கள்

ஆஸ்பத்திரியில் இன்றும் செங்கல்லை அவிழ்க்கவில்லை. காலில் கட்டிய கயிறு கட்டில் முனையைத் தாண்டிப் போகிறது, அதன் நுனியில் செங்கல் தொங்குகிறது. தொடை எலும்பு கூடும் வரை இப்படியே மல்லாந்து கிடக்க வேண்டுமாம். தளவாய்புரத்திலிருந்து ராஜபாளையத்துக்கு நான் ஏற்றிப் போன பருத்திப் பொதியைக்கூட இவ்வளவு இறுக்கிக் கட்டியதில்லை. அந்த வண்டியிலிருந்துதான் விழுந்தேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்துக் கட்டில் பால்துரை வாத்தியார் எழுதுகிறார். அவருக்குக் காலில் ஆறாத புண். "படுத்தே கிடந்தா ஒரு நாள் இன்னொரு நாளோட ஒட்டிக்கிடும். சொல்லும் ராக்கப்பரே, எழுதி வைப்போம்" என்றார். என் பேச்சைத் திருத்தி எழுதுகிறாராம். திருத்தட்டும். வலியைத் திருத்த முடியாது.

மார்ச் 8, புதன்

இந்த வார்டுக்கு ஒரு படிப்பு நர்சு வருகிறாள். ஏசம்மாள், சேத்தூர்ப் பெண், முதல் வருசம். என் தலைமாட்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு, "நேத்து முழுக்க ஒரு டம்ளர்தான் குடிச்சிருக்கீக தாத்தா. இப்படிக் கிடந்துக்கிட்டுத் தண்ணி குடிக்காட்டி உள்ள கல்லுக் கட்டிரும்" என்றாள்.

எப்படிச் சொல்ல? குடித்தால் ஒன்றுக்குப் போகப் பாத்திரம் கேட்க வேண்டும். அதை எடுத்துப் போகிறவள் அவள். என் பேத்தி வயது. கடைசியில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அது என் வேலை தாத்தா. நீங்க குடிங்க."

மார்ச் 11, சனி

படுத்துக் கிடக்கிறவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை? காலை மணி அடித்ததிலிருந்து உச்சிப் பொழுது வரை அவள் உட்காரவில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. உதடு வெடித்துக் கிடக்கிறது.

கேட்டேன். துணி மாற்றுகிற சாக்கில் குனிந்து சொன்னாள். நர்சுப் பிள்ளைகள் ஒதுங்குகிற இடம் கிணற்றுக்கு அந்தப் பக்கம். போக வேண்டுமென்றால் மூத்த நர்சு கிருபாபாய் அம்மாவிடம் இத்தனை ஆம்பளைகள் காதுபட அனுமதி கேட்க வேண்டும். "அதனால நாங்க யாரும் டூட்டியில தண்ணிய வாயில வைக்கிறதில்ல."

"ஒண்ணுக்குப் போனா எரியுதா?"

தலையைக் குனிந்துகொண்டாள். எரிகிறது.

சேத்தூர்க் கண்மாய் உடைந்த வருசம் என் கமலையில் ஒரு செவலைக் காளை நின்றது. நாளெல்லாம் தண்ணீர் இறைத்த மாடு, அதற்குத் தண்ணீர் காட்ட என் வேலைக்காரன் மறந்துவிட்டான். ரத்தமாகப் போய்ச் செத்தது. அதை இவளிடம் சொல்லவில்லை.

"ஒடம்பப் பாத்துக்கிடணும், தண்ணி குடிக்கணும், நேரத்துக்குச் சாப்பிடணும்னு ஒங்களுக்குச் சொல்லித்தர மாட்டாகளா?"

"தனிப் பாடமே இருக்கு தாத்தா. அது பரீட்சைக்கு."

ஆஸ்பத்திரியை நடத்துகிற வெள்ளைக்காரத் துரைசானியம்மாவிடம் சொல்லேன் என்றதற்குப் பதறிவிட்டாள். உடம்புக்கு முடியவில்லை என்று இரண்டாம் தடவை எழுதினால் படிப்பிலிருந்து பேரை எடுத்துவிடுவார்களாம். ஒரு தடவை ஏற்கெனவே ஆகிவிட்டது. "சத்தியமாச் சொல்லக் கூடாது தாத்தா."

சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போது எனக்கு வாயிலும் கட்டு.

மார்ச் 13, திங்கள்

ஒரு யோசனை வந்தது. "நீ ஒரு டம்ளர், நான் ஒரு டம்ளர். நீ குடிக்காட்டி என் சீட்டுல ஒண்ணும் ஏறாது" என்றேன்.

"மிரட்டுறீகளா?"

"ஆமா தாயி. கட்டிப்போட்ட ஆளு வேற என்னத்தச் செய்வான்?"

சுவரைப் பார்த்துத் திரும்பி ஒரே மடக்கில் குடித்தாள். வாத்தியாருக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். கிருபாபாய் அம்மா வந்தால் இரும வேண்டும். "வேதம் படிச்ச என்னையக் காவக்காரனா ஆக்கிட்டீரு" என்கிறார்.

மார்ச் 14

இன்று ஆளுக்கு மூன்று டம்ளர். நடுவில் தைரியமாக அனுமதி கேட்டுக் கிணற்றுப் பக்கம் ஒரு தடவை போய்வந்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 17, வெள்ளி

வாத்தியார் தூங்கிவிட்டார்.

கிருபாபாய் அம்மா வாசலில் நின்றதை நானும் பார்க்கவில்லை. ஏசம்மாள் வாயில் டம்ளர். டம்ளரை எடுத்த இடம் என் மேசை. எதிர்க்கட்டிலில் டைபாய்டுக்காரன் கிடக்கிறான், வார்டில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது சட்டம். அந்தம்மா சொல்வதும் நியாயம்தான்.

"சீக்காளி டம்ளர்ல வாய் வைக்கிறவ என்னத்தப் படிச்சே?"

"நாந்தாம்மா குடிக்கச் சொன்னேன்" என்று கத்தினேன்.

"பெரியவரே, நீங்க ஒங்க காலப் பாருங்க. அவள நாங்க பாத்துக்கிடுறோம்."

தண்டனையாகப் பின்பக்கத்துக் காய்ச்சல் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையை அசைத்தாள். சொல்லிவிடாதீர்கள் என்று அர்த்தம். சொல்லவில்லை. ஏலே ராக்கப்பா, நீ சும்மா கிடந்திருக்கக் கூடாதா? காய்ந்த உதட்டோடாவது இங்கே நின்றிருப்பாளே.

மார்ச் 18

நான் தண்ணீர் குடிக்கவில்லை. புதிதாக வந்தவள் சீட்டைப் பார்க்கவும் இல்லை.

மார்ச் 21, செவ்வாய்

வாத்தியார் நொண்டி நொண்டி வராந்தா வரை போய்க் கேட்டுவந்தார். காலையில் கொட்டகையில் வாளியோடு விழுந்திருக்கிறாள். குளிர் நடுக்கம், பேச்சு இல்லை. நீர்ப்பையில் புண்ணாகி மேலே ஏறிவிட்டதாம். பொம்பளை வார்டில் கிடத்தியிருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம். ஒரு சுவர்தான்.

எழுந்து போய்விடலாம் என்று முடிச்சை இழுத்தேன். செங்கல் தொப்பென்று விழுந்தது. பிறகு என்ன நடந்ததென்று வாத்தியாருக்குத்தான் தெரியும்.

திரும்பக் கட்டிவிட்டது கிருபாபாய் அம்மா. சத்தியத்தை விட்டு எல்லாம் சொன்னேன். எரிச்சலை, கிணற்றுப் பக்கத்தை, டம்ளர் பேச்சை. முடிச்சுப் போட்ட கை அப்படியே நின்றது.

"நாங்களும் அப்படித்தான் நின்னோம்" என்றது மெதுவாக. செங்கல்லை நேராக்கிவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"எப்படிம்மா சொல்லுவா? சொன்னா பேர எடுத்திருவீகளே."

அந்தம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது.

மார்ச் 25, சனி

காய்ச்சல் இறங்குகிறதாம். வாத்தியார் நாளை வீட்டுக்குப் போகிறார். இனி யார் எழுத?

ஏப்ரல் 4, செவ்வாய்

இதை எழுதுவது ஏசம்மாள்.

வீட்டுச் சேலையில் வந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. பேரை எடுத்துவிட்டார்கள். கிருபாபாய் அம்மா துரைசானியம்மாவிடம் போய் இவளுக்காகப் பேசியதாம். சட்டம் சட்டம்தான் என்று பதில். நாளை இவள் அப்பா சேத்தூரிலிருந்து வருகிறார்.

உட்காரு தாயி என்றேன். வாத்தியாரின் முக்காலியில் உட்கார்ந்தாள். இந்த வார்டில் இவள் உட்கார்ந்து இன்றுதான் பார்க்கிறேன்.

இரண்டு டம்ளர் ஊற்றினாள். எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, மற்றதை நிதானமாகக் குடித்தாள். நான் வாசலைப் பார்த்தேன்.

"பயப்படாதீக தாத்தா. இப்ப நானும் சீக்காளிதான். சீக்காளி குடிச்சா யாரும் கேக்க மாட்டாக."

அவளுக்கும் தலைமாட்டில் சீட்டு உண்டாம். எத்தனை டம்ளர் என்று கிருபாபாய் அம்மாவே எழுதுகிறதாம். இதையும் எழுது என்றேன். எழுதிவிட்டேன் என்கிறாள். நான் எங்கே படித்துப் பார்க்க?

பக்கத்து மடவார் வளாகத்துக் கோயிலில் உச்சிக்கால மணி அடித்தபோது இவள் இடத்துக்கு வந்த புது நர்சு சுடலையம்மாள் காய்ச்சல் பார்க்க வந்தாள். காலையிலிருந்து நிற்கிறாள். நாங்கள் இரண்டு பேருமே அவள் உதட்டைத்தான் பார்த்தோம்.

"ஏட்டி, தண்ணி குடிச்சியா?" என்றாள் ஏசம்மாள்.

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "டூட்டி முடியட்டும்க்கா."

என் டம்ளரில் பாதி இருந்தது. நீட்டினேன். அவள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டாள். கயிறு விடுகிற தூரத்துக்குத்தான் என் கை போகிறது.