எதிர் நாற்காலி

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேலையிடத்தில் ஏணியிலிருந்து விழுந்த பிறகு, உங்கள் நண்பருக்கு மனதில் தோன்றுவதெல்லாம் அப்படியே வாயில் வந்துவிடுகிறது. தலையில் பட்ட அடி அப்படி என்கிறார் டாக்டர். கல்யாணமான பத்து வருடமாக என் சமையலைப் பற்றி அவர் மறைத்த உண்மையை ஒரே வாரத்தில் கேட்டுவிட்டேன்.

அன்று கேரம் ஆடும்போது உங்களிடம், "இத்தனை வருஷமா உன்னை நான்தான்டா வேணும்னே ஜெயிக்க விட்டேன்" என்றார். நீங்கள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டீர்கள். டீயோடு நின்ற நான் தடுக்கவில்லை. மற்ற நண்பர்கள் அதற்கு முன்பே வருவதை நிறுத்தியிருந்தார்கள்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆகிவிட்டன.

நேற்றும் போர்டில் பவுடர் தூவி, எதிரே உங்கள் நாற்காலியைப் போட்டார். மாறி மாறி எழுந்து உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் அவரே ஆடினார்.

"யாரு ஜெயிச்சது?" என்று கேட்டேன்.

"அவன்தான். தோத்துட்டா அடுத்த வாரம் வரமாட்டானே."

அவருக்கு இப்போது பொய் சொல்ல வராது, அண்ணா.

வரும் ஞாயிறும் டீக்கு உங்களுக்கும் சேர்த்து மூன்று டம்ளர்தான் எடுத்து வைப்பேன்.

உங்கள் தங்கை