பின்னால் உட்கார ஆள்

தர்ஷினி அப்பாவுக்கு,

சோறு பானையில இருக்கு. வெஞ்சனம் வைக்கல, ஊறுகாய் தொட்டுக்கங்க. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு காதர் பீவி அக்கா வீட்டுக்கு வருவா, கூட்டிக்கங்க.

நான் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். இன்னைக்குத்தான் அண்ணனுக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க. முழங்காலுக்குக் கீழ கால் இல்லைங்கிறதை அண்ணன் இன்னைக்குத்தான் கண்ணால பார்க்கப் போகுது.

கொடைக்கானல் கல்யாணத்துக்குக் கிளம்புறப்பவே சொன்னேன். நம்ம பிக்கப், பின்னால மாட்டுற சக்கர ஜெனரேட்டரை மட்டும்னா இழுக்கும். மேலயும் பந்தல் கம்பி, அண்டா எல்லாம் ஏத்துனா, ரெண்டும் சேர்ந்துதானே வண்டிக்குப் பாரம்? பின்னால அழுத்தி முன்சக்கரம் லேசாயிருச்சுன்னு தெரிஞ்சும் நீங்க ஒரு அண்டாவை இறக்கல. கொக்கிமேல அழுத்துற பாரம் கொறையட்டும்னு அண்ணனை ஜெனரேட்டரோட கடைசியில உக்கார வச்சீங்க. "எல்லாரும் இப்படித்தான் போறாங்க"ன்னீங்க. இறக்கத்து வளைவுல ஜெனரேட்டர் ஆடுன ஆட்டத்துல அண்ணனைத் தூக்கி எறிஞ்சிருச்சு.

வத்தலக்குண்டு பந்தல்காரர் மத்தியானம் வருவாரு. வண்டி வராதுன்னு சொல்லிருங்க.

காலையில என் தம்பி குமரவேல் வந்து வாசல்ல நின்னான். பின்னால உக்கார நீங்கதான் வரச் சொன்னீங்களாம். அவனை என்கூடக் கூட்டிட்டுப் போறேன்.

ஜெனரேட்டரை வண்டியோட மாட்டுற இரும்பு ஆணியைத் தேடாதீங்க. அது என் பையில இருக்கு.

மோர் உறிச்சட்டியில இருக்கு, பூனை தட்டிவிடாமப் பாத்துக்கங்க.

நீங்க ஒரு தரம்கூட வந்து பார்க்கல. அன்னைக்குக் கண்ணு முழிச்சதும் அண்ணன் முதல்ல கேட்டது, "மாப்பிள்ளைக்கு அடி ஒண்ணும் இல்லையே?"